வாங்கிய இன்ஜினில் ஓடிய உலகச் சாதனை: மாக்கி விமான நிறுவனத்தின் கதை

1934 அக்டோபர் 23 அன்று வட இத்தாலியின் கார்தா ஏரி மீது ஃபிரான்செஸ்கோ அஜெல்லோ ஒரு சிவப்பு மிதவை விமானத்தை மணிக்கு 709.209 கி.மீ. வேகத்தில் ஓட்டினார். பிஸ்டன் இன்ஜின் பூட்டிய நீர்விமானங்களில் அந்த வேகத்தை இன்று வரை எதுவும் தாண்டவில்லை. சக்கரம் வைத்த விமானங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட 1939 மார்ச் வரை உலகச் சாதனை அதுதான்.

அந்த விமானம் எம்.சி.72. அதைக் கட்டியது வரேஸே என்ற சிறு நகரத்தின் மாக்கி நிறுவனம். இதன் படங்களோடு இரண்டு கூற்றுகள் அடிக்கடி சுற்றி வருகின்றன. ஒன்று, மாக்கி ஒரு பெரிய ஆயுதத் தொழிற்சாலை என்பது. இன்னொன்று, 72-இன் தொழில்நுட்பம்தான் நேராக இரண்டாம் உலகப்போரின் மாக்கி சண்டை விமானங்களுக்குப் போனது என்பது. முதலாவது தவறு. இரண்டாவது பாதிதான் சரி, அந்தப் பாதி எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மாக்கி தன் பறக்கும் விமானங்களுக்குச் சொந்தமாக இன்ஜின் செய்து பூட்டிய நிறுவனம் அல்ல. உடலையும் இறக்கையையும் அது செய்தது, இன்ஜினை ஃபியட், இசோட்டா ஃபிராஸ்கினி போன்ற வேறு நிறுவனங்கள் கொடுத்தன. நிறுவனத்தின் ஏற்றமும் இறக்கமும் அந்த ஒரு ஏற்பாட்டைச் சுற்றியே நடந்தன.

முதலில் சில சொற்கள்

படகு விமானம்: உடலின் அடிப்பாகமே படகு போல வடிக்கப்பட்டது. உடலே நீரில் மிதக்கும்.

மிதவை விமானம்: சாதாரண விமான உடல், சக்கரங்களுக்குப் பதிலாகக் கால்களின் மேல் இரண்டு நீண்ட மிதவைகள்.

எம்., எம்.சி., சி.: 'எம்.' என்றால் மாக்கி. 1922-இல் நிறுவனத்துக்கு வந்த வடிவமைப்பாளர் மாரியோ கஸ்டோல்டியின் பெயரையும் சேர்த்து எழுதினால் 'எம்.சி.'. 'சி.200', 'எம்.சி.200' இரண்டும் ஒரே விமானம்தான்.

ஆர்.சி.38: இத்தாலிய இன்ஜின் பெயர்களின் வால். 'ஆர்' என்பது புரொப்பெல்லருக்கு முன் வேகத்தைக் குறைக்கும் கியர், 'சி' என்பது காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜர், 38 என்பது 3,800 மீட்டர் உயரத்தில் அந்த இன்ஜின் தன் மதிப்பிட்ட திறனைத் தரும் என்பது. பெயரைப் படித்தாலே இன்ஜின் எந்த உயரத்துக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துவிடும்.

வண்டிக்கூட்டிலிருந்து விமானக்கூடு

ஜூலியோ மாக்கி வண்டிக்கூடு கட்டும் தொழிலில் இருந்தவர். 1913-இல் பிரான்சின் நியூபோர் விமானங்களை உரிமம் பெற்றுக் கட்டுவதற்காக 'நியூபோர்-மாக்கி' தொடங்கப்பட்டது. மரச்சட்டம், பிளைவுட், துணி, பசை ஆகியவற்றில் கைதேர்ந்த ஆட்கள் ஏற்கெனவே பட்டறையில் இருந்தார்கள். அந்தக் கால விமானத்துக்கும் நல்ல வண்டிக்கூட்டுக்கும் வேலைப்பாட்டில் பெரிய தூரம் இல்லை. இன்ஜின் மட்டும் வெளியிலிருந்து வரும்.

1915 மே மாதம் ரவென்னா அருகே ஆஸ்திரியாவின் லோனர் படகு விமானம் ஒன்று சேதமின்றி இத்தாலியர் கையில் சிக்கியது. அதைப் போலவே ஒன்று கட்டித் தரும்படி மாக்கியிடம் கேட்டார்கள். சுமார் ஒரு மாதத்தில் நகல் தயாரானது. அது எல்.1. அதைத் திருத்தித் திருத்தி எல்.3 வந்தது. பின்னர் ஒற்றை ஆள் ஓட்டும் எம்.5, போர் முடியும் தறுவாயில் எம்.7. வரேஸே ஏரிக்கரையில் ஸ்கிரான்னா என்ற இடம் இவற்றுக்கான சோதனைத் துறை. நியூபோர், ஆன்ரியோ தரைவிமானங்களும் அதே பட்டறையில் நூற்றுக்கணக்கில் உருவாயின. போர் முடிந்ததும் ஆர்டர்கள் வற்றின. எஞ்சியவை படகு விமானம் கட்டும் கைத்திறமையும் ஒரு ஏரியும்.

1920-களில் பட்டறைக்கு வேலை கொடுத்தவை எம்.18 போன்ற படகு விமானங்கள், சிறு எண்ணிக்கையில் எம்.41 வகைச் சண்டைப் படகுகள். 1930-களில் ஆலா லித்தோரியா விமான சேவைக்காக எம்.சி.94 பயணிகள் படகு விமானம். எதிலும் தொகை பெரிதாக இல்லை. டூரினின் ஃபியட், கிளை நிறுவனங்களை விழுங்கி வளர்ந்த காப்ரோனி ஆகியவற்றின் பக்கத்தில் வைத்தால் மாக்கி ஒரு பெரிய பட்டறைதான். பந்தயம் இல்லாமல் போயிருந்தால் இதன் பெயர் வெளியே தெரிந்திருக்குமா என்பதே ஐயம்.

ஷ்னைடர் கோப்பை: நீர்விமானம் ஏன் வேகமாக இருந்தது?

பிரெஞ்சுத் தொழிலதிபர் ஜாக் ஷ்னைடர் 1912-இல் நீர்விமானங்களுக்காக ஒரு கோப்பை அறிவித்தார். முதல் பந்தயம் 1913-இல் மொனாக்கோவில். ஐந்து ஆண்டுகளுக்குள் மூன்று முறை வெல்லும் நாடு கோப்பையை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்பது விதி.

இரண்டு பெரிய மிதவைகளைச் சுமக்கும் விமானம் எப்படித் தரைவிமானத்தைவிட வேகமாகப் பறக்கும் என்ற குழப்பம் இங்கே எழும். காரணத்தைப் படிப்படியாகப் பார்த்தால் புரியும்.

1. வேகமாகப் பறக்க இறக்கை சிறியதாக இருக்க வேண்டும். இறக்கைப் பரப்பு கூடினால் காற்றுத்தடையும் கூடும்.

2. இறக்கை சிறிதானால் விமானம் மேலெழவும் இறங்கவும் அதிக வேகம் தேவை. எம்.சி.72 சுமார் 2,900 கிலோ எடையை 15 சதுர மீட்டர் இறக்கையில் தாங்கியது. ஒரு சதுர மீட்டருக்கு 190 கிலோவுக்கு மேல். அதே காலத்து ஃபியட் சி.ஆர்.32 சண்டை விமானத்தில் இது ஏறக்குறைய 90 கிலோ.

3. புரொப்பெல்லர் இதழ்களின் கோணம் அப்போது நிலையானது. உச்ச வேகத்துக்குப் பொருந்தும் கோணத்தில் வைத்தால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அது காற்றைக் கடைவதோடு சரி, இழுவை சரியாகக் கிடைக்காது. ஓட்டம் நீளும்.

4. அந்தக் காலத்துப் புல்தரை விமானத் தளங்களில் அவ்வளவு நீள ஓட்டத்துக்கு இடம் கிடையாது. ஏரியிலும் கடலிலும் கிலோமீட்டர் கணக்கில் ஓடலாம்.

மிதவையின் காற்றுத்தடை ஒரு நஷ்டம். எல்லையற்ற ஓடுதளம் அதைவிடப் பெரிய லாபம். 1930-களின் நடுவில் இதழ்க்கோணம் மாற்றும் புரொப்பெல்லரும், இறக்கையின் பின்விளிம்பில் கீழே சாயும் மடிப்புகளும் (ஃபிளாப்) பொதுவாகியதும் இந்தக் கணக்கு தலைகீழானது. நீர்விமானத்தின் வேக யுகம் அதோடு முடிந்தது.

வென்றதும் தோற்றதும்

1921 வெனிஸ் பந்தயம் மாக்கியின் தலையெழுத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. மாக்கி புதிதாகக் கட்டிய எம்.19-இல் 700 குதிரைத்திறனை நெருங்கும் ஃபியட் இன்ஜின். கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) முறிந்து, தீப்பிடித்து அது விலகியது. வென்றது போர்க்கால எம்.7-ஐச் செதுக்கிச் சிறிதாக்கிய எம்.7பிஸ். ஜோவான்னி டி பிரிகான்டி அதை மணிக்கு 189.7 கி.மீ. சராசரியில் ஓட்டினார், அதன் இன்ஜின் திறன் எம்.19-இன் பாதிகூட இல்லை. அதற்கு முந்தைய ஆண்டும் இத்தாலியே வென்றிருந்ததால், அடுத்த ஆண்டு நேப்பிள்ஸில் மூன்றாவது முறை வென்றிருந்தால் கோப்பை நிரந்தரமாக அதற்கே போயிருக்கும். இங்கிலாந்தின் சூப்பர்மரீன் படகு விமானம் அதைத் தடுத்தது.

1925 பால்டிமோரில் கஸ்டோல்டியின் எம்.33 படகு விமானம் இறங்கியது. உடல் அழகானது. பூட்டியதோ அமெரிக்காவின் கர்ட்டிஸ் டி-12, அதுவும் தேய்ந்த பழைய இன்ஜின். 271 கி.மீ. சராசரியில் மூன்றாம் இடம். முதலிடம் பெற்ற ஜேம்ஸ் டூலிட்டிலின் கர்ட்டிஸ் மிதவை விமானத்தின் சராசரி 374 கி.மீ. படகு வடிவம் இனி எடுபடாது என்பதை அந்த 100 கி.மீ. இடைவெளி காட்டிவிட்டது.

அடுத்த ஆண்டுக்குள் எப்படியாவது வெல்ல வேண்டும் என்று முசோலினி அரசு பணத்தை இறைத்தது. கஸ்டோல்டி படகைக் கைவிட்டு எம்.39 மிதவை விமானத்தை வரைந்தார். தாழ்வான ஒற்றை இறக்கை, கம்பிகளால் இழுத்துக் கட்டிய அமைப்பு, 800 குதிரைத்திறன் ஃபியட் ஏ.எஸ்.2, இறக்கைத் தோலிலேயே ரேடியேட்டர். செப்டம்பரில் வரேஸே ஏரியில் பயிற்சியின்போது அணியின் விமானி சென்துரியோனே எம்.39 விழுந்து இறந்தார். நவம்பர் 13 அன்று அமெரிக்காவின் ஹாம்ப்டன் ரோட்ஸில் மாரியோ டி பெர்னார்டி 396.7 கி.மீ. சராசரியில் வென்றார். மாக்கி உடல், இத்தாலிய இன்ஜின், இத்தாலிய விமானி மூன்றும் ஒன்றுசேர்ந்து ஷ்னைடரில் உச்சத்தைத் தொட்டது அந்த ஒரு நாள்தான்.

பின் வந்தவை இன்ஜினால் கெட்டவை. 1927 வெனிஸில் மூன்று எம்.52-களில் ஒன்றுகூடப் பந்தயத்தை முடிக்கவில்லை. 1929-இல் இங்கிலாந்தின் கால்ஷாட்டில் இறங்கிய எம்.67-க்கு இசோட்டா ஃபிராஸ்கினியின் 18 சிலிண்டர் இன்ஜின், சுமார் 1,800 குதிரைத்திறன். அதன் சோதனையில் ஆகஸ்ட் 22 அன்று ஜுசெப்பே மோட்டா கார்தா ஏரியில் விழுந்து இறந்தார். பந்தய நாளில் ஒரு எம்.67 விமானிக்குப் புகை கண்ணை மறைத்தது, மற்றொன்றில் குழாய் வெடித்தது. இரண்டும் விலகின. அன்று இரண்டாம் இடம் பிடித்தது இரண்டாண்டுப் பழைய எம்.52 வகை.

ஒரு நேர்க்கோட்டுச் சாதனைக்கு இன்ஜின் சில நிமிடம் தாங்கினால் போதும் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே எம்.52 குடும்பத்தில் டி பெர்னார்டி 1928 மார்ச் 30 அன்று 512.776 கி.மீ. தொட்டார். 500-ஐத் தாண்டிய முதல் மனிதர் அவர். பந்தயத்தில் தோற்றுச் சாதனையில் வெல்லும் இந்தப் பழக்கம் கடைசி வரை நீடித்தது.

எம்.சி.72: எங்கே வெடித்தது, ஏன்?

1928-இல் கார்தா ஏரிக்கரை தெசென்ஸானோவில் இத்தாலிய விமானப்படை ஓர் அதிவேகப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. 1931 பந்தயத்துக்காக அங்கே வந்து சேர்ந்த விமானம் எம்.சி.72. மொத்தம் ஐந்து கட்டப்பட்டன.

முறுக்குவிசைச் சிக்கல்

இன்ஜின் புரொப்பெல்லரை ஒரு பக்கம் சுழற்றினால், விமான உடலை அதே விசை எதிர்ப்பக்கம் உருட்டப் பார்க்கும். விமானியின் பார்வையில் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றினால் உடல் இடப்பக்கம் சாயும். காற்றில் இதைச் சமாளிக்கலாம். நீரில் இடது மிதவை ஆழ அமுங்கும், அந்தப் பக்கம் நீர்த்தடை கூடும், விமானம் இடப்பக்கம் வளைந்து வட்டமடிக்கும். சுக்கான் வேலை செய்யும் வேகம் வருவதற்குள் இது நடந்துவிடும். இங்கிலாந்தின் சூப்பர்மரீன் எஸ்.5-இல் எரிபொருளை வலது மிதவையில் மட்டும் நிரப்பிச் சமன் செய்தார்கள். ஓரளவு திறன் வரை இப்படி ஒட்டுப்போட்டு ஓட்டலாம். 2,500 குதிரைத்திறனைத் தாண்டினால் கடினம்.

ஃபியட்டின் விடை

ஃபியட் வடிவமைப்பாளர் டிரான்குவில்லோ செர்பி தன் 12 சிலிண்டர் ஏ.எஸ்.5 இன்ஜின்கள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைத்தார். அதுவே ஏ.எஸ்.6. 24 சிலிண்டர், ஒவ்வொன்றும் 138 மி.மீ. விட்டம், 140 மி.மீ. பிஸ்டன் வீச்சு, மொத்தக் கொள்ளளவு சுமார் 50.3 லிட்டர். எடை 930 கிலோ, நீளம் 3.3 மீட்டருக்கு மேல்.

இரண்டு கிராங்க் ஷாஃப்ட்களும் ஒன்றோடொன்று இணையவில்லை. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு புரொப்பெல்லரை எதிரெதிர்த் திசையில் சுழற்றியது. வேகம் குறைக்கும் கியர்கள் இரண்டு பாதிகளுக்கும் நடுவே இருந்தன. அங்கிருந்து ஒன்றினுள் ஒன்றாகப் பொருந்திய இரண்டு தண்டுகள் முன்பாதியின் சிலிண்டர் வரிசைகளுக்கு இடையிலுள்ள 'வி' பள்ளத்தின் வழியே மூக்குக்குப் போயின. முறுக்குவிசை ரத்தானது. மிதவைகள் இரண்டும் சமமாக இருக்கலாம். புரொப்பெல்லர் விட்டமும் சிறிதாயிற்று.

குளிர்விக்க, இறக்கைப் பரப்பு முழுதும் தட்டைக் குழாய்கள் ஓடின. அதுவும் போதாமல் மிதவைக் கால்களிலும் மிதவைகளிலும் ரேடியேட்டர் பதித்தார்கள்.

உள்ளிழுக்கும் குழாயின் கோளாறு

சூப்பர்சார்ஜர் ஒன்றே ஒன்று, பின்பாதி அதைச் சுழற்றியது. 24 சிலிண்டர்களுக்கும் ஊட்டம் அங்கிருந்துதான். முன்கோடிச் சிலிண்டருக்குப் போக ஒரு நீண்ட குழாய். அந்தக் குழாயில் ஓடியது வெறும் காற்று அல்ல, பெட்ரோல் கலந்த, தீப்பொறி பட்டால் வெடிக்கும் கலவை. கோளாறு நடந்த விதம் இது:

1. சோதனை மேடையில் இன்ஜின் நன்றாக ஓடியது. அங்கே காற்று நின்ற நிலையில் உள்ளே இழுக்கப்படுகிறது.

2. பறக்கும்போது மணிக்கு 600 கி.மீ.க்கு மேல் எதிர்க்காற்று உள்ளிழுக்கும் வாயில் மோதிப் புகுந்தது. மேடையில் கணக்கிட்டதைவிட அதிகக் காற்று, அதே அளவு எரிபொருள்.

3. கலவையில் எரிபொருள் விகிதம் குறைந்தது. அப்படிப்பட்ட கலவை மெதுவாக எரியும். உள்ளிழுக்கும் வால்வு மறுபடி திறக்கும்போது சிலிண்டருக்குள் இன்னும் தீ இருக்கும்.

4. அந்தத் தீ பின்னோக்கிக் குழாய்க்குள் பாய்ந்தது. மெக்கானிக்குகள் பேக்ஃபயர் என்பது இதைத்தான். சிறு இன்ஜினில் ஒரு 'டப்' சத்தத்தோடு போய்விடும். மீட்டர் கணக்கில் கலவை நிரம்பிய குழாயில் அது வெடிகுண்டு.

1931 ஆகஸ்ட் 2 அன்று ஜோவான்னி மோன்டி எம்.சி.72-இல் இறந்தார். பந்தயத்துக்கு மூன்று நாள் முன், செப்டம்பர் 10 அன்று, ஸ்டானிஸ்லாவோ பெல்லினி. பந்தயத்தைத் தள்ளிவைக்கும்படி இத்தாலியும் பிரான்சும் கேட்டிருந்தன, இங்கிலாந்து மறுத்தது. செப்டம்பர் 13 அன்று சூப்பர்மரீன் எஸ்.6பி எதிராளியே இல்லாமல் 547.3 கி.மீ. சராசரியில் பறந்து கோப்பையை நிரந்தரமாக எடுத்துப் போனது. மாதம் முடிவதற்குள் அதே வகை விமானம் 655.8 கி.மீ. உலகச் சாதனையும் வைத்தது.

தீர்வு

இங்கிலாந்தின் பந்தய இன்ஜினுக்கு எரிபொருள் கலந்து கொடுத்த ராட் பேங்க்ஸ் என்ற நிபுணரையே இத்தாலியர் அழைத்தார்கள். அவருடைய பாடம் எளியது: மேடையிலேயே பறக்கும் நிலையை உண்டாக்கிச் சோதியுங்கள். ஊதும் இயந்திரம் வைத்து விமான வேகத்தில் காற்றை வாயில் செலுத்தியபோது, அதுவரை ஏரி மீது மட்டும் வந்த பேக்ஃபயர் மேடையிலும் வந்தது. நோய் கண்முன் தெரிந்த பின் எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் அளவையும் காற்று வாயையும் சரிசெய்வது கடினமான வேலையாக இல்லை. எரிபொருளும் மாறியது: பெட்ரோலோடு பென்சால், ஆல்கஹால், சிறிது டெட்ரா எத்தில் ஈயம். ஆல்கஹால் ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கும், ஈயம் சிலிண்டருக்குள் தானாக வெடிப்பதைத் தள்ளிப்போடும்.

திறன் 3,000 குதிரையைத் தாண்டியது. 1933 ஏப்ரல் 10 அன்று அஜெல்லோ 682.078 கி.மீ., அடுத்த ஆண்டு அக்டோபரில் 709.209. அளவீட்டுத் தூரம் 3 கி.மீ., பல ஓட்டங்களின் சராசரி. அந்த வேகத்தில் 3 கி.மீ.யைக் கடக்க 15 வினாடிக்குச் சற்று மேல் ஆகும். வெல்ல வேண்டிய பந்தயம் முடிந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

சாதனை இன்ஜின் ஏன் சண்டை விமானத்துக்குப் போகவில்லை?

எஸ்.6பி-க்கு இன்ஜின் கொடுத்த ரோல்ஸ்-ராய்ஸ் தன் பந்தய இன்ஜினில் கற்ற பாடங்களை நேராகப் போர் இன்ஜின்களில் இறக்கியது. ஏ.எஸ்.6-இல் அப்படி எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை.

1. அது கடல்மட்டத்தில் உச்சத் திறன் தர வடிக்கப்பட்டது. சண்டை விமானத்துக்கு 4,000–6,000 மீட்டரில் மூச்சு முட்டாத இன்ஜின் வேண்டும்.

2. முழுத் திறனில் அதன் ஆயுள் மிகக் குறைவு. படைப்பிரிவில் இன்ஜின் நூறு மணி நேரத்துக்குக் குறையாமல் உழைக்க வேண்டும்.

3. அதன் எரிபொருள் பந்தயத்துக்கென்றே கலந்தது. விமானத் தளங்களில் அது கிடைக்காது.

4. இறக்கைத் தோலே ரேடியேட்டர் என்றால், ஒரு துப்பாக்கிக் குண்டு பட்டாலே குளிர்நீர் முழுதும் வடிந்துவிடும்.

இதற்கு மேல் ஒரு கொள்கை முடிவும் சேர்ந்தது. 1930-களின் நடுவில் இத்தாலிய விமானத் துறை நீர்க் குளிர்விப்பு இன்ஜின்களை ஓரங்கட்டி, சிலிண்டர்கள் வட்டமாக அடுக்கப்பட்டு காற்றால் குளிரும் வட்ட இன்ஜின்களின் பக்கம் சாய்ந்தது. நீர் வேண்டாம், குழாய் ஒழுகாது, பராமரிப்பு சுலபம், ஆப்பிரிக்க வெயிலிலும் ஓடும். வாதம் முட்டாள்தனமானது அல்ல. ஆனால் அதன் விளைவாக, நீர்க் குளிர்விப்பு இன்ஜினில் உலகின் முன்னணியில் இருந்த ஒரு நாடு ஐந்தே ஆண்டுகளில் அந்தத் துறையில் கைவிட்ட இடத்தை வேறு நாடுகள் பிடித்துக்கொண்டன.

சி.200: நல்ல உடல், போதாத இன்ஜின்

புதிய சண்டை விமானத்துக்குக் கஸ்டோல்டிக்குக் கிடைத்தது ஃபியட் ஏ.74 ஆர்.சி.38. பிராட் அண்ட் விட்னியின் வடிவமைப்பை ஒட்டிய 14 சிலிண்டர் வட்ட இன்ஜின், 870 குதிரைத்திறன். நம்பகமானது, ஆனால் விட்டம் சுமார் 1.2 மீட்டர். மெல்லிய மூக்குகளையே வரைந்து பழகியவர் அதைச் சுற்றி ஓர் உடலைக் கட்டினார். பெரிய மூக்குக்கு மேல் விமானிக்குப் பார்வை வேண்டுமே என்று இருக்கையை உயர்த்த, முதுகில் ஒரு திமில் விழுந்தது.

1937 டிசம்பர் 24 அன்று முதல் பறத்தல். வேகம் 504 கி.மீ. முதல் ஆர்டர் 99. போட்டியில் வென்றது மாக்கி, ஆனால் அமைச்சகம் ஃபியட்டின் ஜி.50-ஐயும் வாங்கியது, பிறகு சி.ஆர்.42 என்ற இரட்டை இறக்கை விமானத்தையும் வாங்கியது. ஆலைகளுக்கு வேலை பங்கிடும் அந்தப் பழக்கம் தொகையாக உற்பத்தி செய்வதைக் கெடுத்தது என்றே படுகிறது.

சி.200-க்கு ஓர் ஆபத்தான குணம் இருந்தது. இறுக்கமாகத் திரும்பினால் முன்னறிவிப்பின்றி ஒரு பக்க இறக்கை தூக்குவிசையை இழந்து, விமானம் சுழன்றுகொண்டே விழும். காரணம், இறக்கை வேரிலிருந்து (உடலோடு சேரும் இடம்) நுனி வரை ஒரே குறுக்குவெட்டு வடிவம். அதனால் நுனியும் வேரும் ஏறக்குறைய ஒரே கணத்தில் செயலிழந்தன. நுனி கடைசியாக விழும்படி இருந்தால்தான் விமானிக்கு அதிர்வின் மூலம் எச்சரிக்கை கிடைக்கும். பால்சா மரமும் பிளைவுட்டும் ஒட்டி இறக்கையின் தடிமனை இடத்துக்கு இடம் மாற்றிச் சரிசெய்தார்கள். வண்டிக்கூட்டுப் பட்டறைக்குப் பழக்கமான வேலை.

இன்ஜினை மாற்றினால்

அடுத்து வந்த சி.201 ஃபியட்டின் 1,000 குதிரைத்திறன் ஏ.76-ஐ நம்பி வரையப்பட்டது. அந்த இன்ஜின் கரைசேரவில்லை. மாக்கி ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் டி.பி.601-ஐ வரவழைத்து, சி.200-இன் இறக்கையையும் வாலையும் ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, மெலிந்த புதிய உடலில் அதைப் பூட்டியது. 1940 ஆகஸ்ட் 10 அன்று சி.202 பறந்தது. வேகம் 600 கி.மீ. அதே இறக்கை, புதிய இன்ஜினும் அதற்கேற்ற மெலிந்த உடலும், கிட்டத்தட்ட 100 கி.மீ. கூடுதல். மாக்கியின் வடிவமைப்புத் திறமையில் குறை இருந்ததா, கிடைத்த இன்ஜினில் இருந்ததா என்ற கேள்விக்கு இது தெளிவான விடை.

பந்தயக் காலத்திலிருந்து உண்மையில் வந்து சேர்ந்தது எது என்பதும் இங்கே தெரிகிறது. காற்றுத்தடையைக் குறைக்கும் கண், மெல்லிய வடிவத்தை உறுதியாகக் கட்டும் கை, முறுக்குவிசையைப் பற்றிய கவலை. சி.202-இன் இடது இறக்கை வலதைவிட ஏறத்தாழ 20 செ.மீ. நீளம். புரொப்பெல்லர் உடலை இடப்பக்கம் உருட்டும்போது, நீண்ட இடது இறக்கையின் கூடுதல் தூக்குவிசை அதை நிமிர்த்தும். விமானி ஓயாமல் கட்டுப்பாட்டுக் கம்பை ஒரு பக்கம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஏ.எஸ்.6-இன் பாகம் ஒன்றுகூட அதில் இல்லை.

ஆனால் வாங்கிய இன்ஜினுக்கு வரிசையில் நிற்க வேண்டும். ஜெர்மனி கொடுத்த இன்ஜின்களும் ஆல்ஃபா ரோமியோ உரிமம் பெற்றுத் தயாரித்தவையும் வந்த வேகத்தில்தான் சி.202 வெளிவந்தது. உடல் கட்டவும் மாக்கியின் ஆலை போதவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சி.202-களில் பெரும்பங்கு பிரெடா நிறுவனம் கட்டியது. 1942 ஏப்ரலில் டி.பி.605 பூட்டிய சி.205 பறந்தது. 1943 செப்டம்பரில் இத்தாலி போர்நிறுத்தம் செய்துகொண்டபோது அது தேவைக்கு மிகக் குறைவாகவே கட்டப்பட்டிருந்தது.

பெயர் குழப்பம் ஒன்று

மோட்டார் சைக்கிள் ஆர்வலர்கள் அறிந்த 'ஏர்மாக்கி'யும் இதே நிறுவனம்தான். போருக்குப் பின் விமானம் கட்ட வழியில்லாத ஆண்டுகளில் மூன்று சக்கர சரக்கு வண்டி, பிறகு மோட்டார் சைக்கிள் என்று இறங்கியது. 1960-இல் அந்த மோட்டார் சைக்கிள் பிரிவில் ஹார்லி-டேவிட்சன் பாதிப் பங்கை வாங்கியது. விமானப் பக்கத்தில் 1957 டிசம்பரில் எம்.பி.326 பயிற்சி ஜெட் பறந்தது, ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும்கூட உரிமத்தில் கட்டப்பட்டது. வரேஸேயில் கட்டிய அந்த ஜெட்டின் உள்ளே இருந்த வைப்பர் இன்ஜின் இங்கிலாந்தில் பிறந்தது.